ஊசி போட்டதும் ஏறிய மார்பு வலி: காரணம் பிடிபட்ட கதை

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவுக்காக மூன்று வாரத்துக்கு ஒருமுறை 250 மி.கி. ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். சில மாதத்தில் இடது மார்புக்காம்புக்கு நேர் கீழே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. பனியன் உரசினாலே வலி.

கொழுப்பாக இருக்கும் என்று ஜிம்மில் நெஞ்சுப் பயிற்சியைக் கூட்டினேன். எடை இறங்கியது, கட்டி அசையவில்லை. கொழுப்பென்றால் மெத்தென்று பரவியிருக்கும். இதுவோ காம்பை ஒட்டித் திரண்டு, அழுத்தமாக இருந்தது. ஸ்கேனில் மார்பகச் சுரப்பித் திசு வளர்ச்சி என்றும், பயப்பட ஒன்றுமில்லை என்றும் வந்தது. ஆனால் அந்தத் திசுவை வளர்க்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ராடியால், பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் இரண்டும் ரத்தப் பரிசோதனையில் நார்மல்!

வலியைக் காலண்டரில் குறித்துவைத்தபோதுதான் பிடி கிடைத்தது. ஊசி போட்ட சில நாளில் ஏறும், மூன்றாம் வாரத்தில் அடங்கும். லேபில் ரத்தம் எடுத்ததெல்லாம் அடுத்த ஊசிக்கு முந்தின நாள், அதாவது ஹார்மோன் அடிமட்டத்தில் இருக்கும் நாள். டாக்டரிடம் காலண்டரைக் காட்டினேன். ஊசி போட்ட மூன்றாம் நாள் எடுக்கச் சொன்னார். டெஸ்டோஸ்டிரோனும் எகிறியிருந்தது, ஈஸ்ட்ராடியாலும் எகிறியிருந்தது. உபரியை அரோமட்டேஸ் என்சைம் ஈஸ்ட்ராடியாலாக மாற்றிவிடுகிறதாம்.

மொத்த அளவைக் கொஞ்சம் குறைத்து, வாராவாரம் சிறு ஊசியாகப் பிரித்தார். கூடவே சில மாதம், மார்பகத்தில் ஈஸ்ட்ராடியால் வேலைசெய்யாமல் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை. முதலில் வலி போனது, பிறகு கட்டி சுருங்கியது. ஜிம்மில் ஒருவர் பரிந்துரைத்த, அரோமட்டேஸைத் தடுக்கும் அனாஸ்ட்ரசோல் மாத்திரையை மட்டும் டாக்டர் வேண்டாமென்றார்: ஈஸ்ட்ராடியால் அளவுக்கு மீறி இறங்கினால் எலும்பு பலவீனமாகும். கட்டி ஒரு வருஷம் தாண்டி நாராக இறுகிவிட்டால் மாத்திரை பெரும்பாலும் எடுபடாது, ஆபரேஷன்தான்.