ஓட்ஸ் சாப்பிட்டும் எடை குறையவில்லையா? அளவும் பக்குவமும்

ஓட்ஸ் கொழுப்பைக் கரைக்கும் மருந்தல்ல. 100 கிராம் ஓட்ஸில் ஏறத்தாழ 380 கலோரி உண்டு. சமைக்காத அரிசியில் இருப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவே. அதன் பலன் பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்தில் இருக்கிறது. அது தண்ணீரில் கரைந்து கூழாகி, வயிற்றிலிருந்து உணவு மெதுவாக இறங்கும்படி செய்கிறது. பசி தள்ளிப்போகிறது, பத்து மணிக்கு கறி பஃப் தேடத் தோன்றாது. ஆகவே வழக்கமான காலை உணவுக்குப் பதிலாகச் சாப்பிட்டால்தான் பயன். ஓட்ஸையும் குடித்துவிட்டு இரண்டு பரோட்டாவும் சாப்பிட்டால் எடை கூடத்தான் செய்யும்.

வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும். சிங்கப்பூரில் ஃபேர்பிரைஸ், ஷெங் சியோங், முஸ்தபா என்று எந்தக் கடைக்குப் போனாலும் அலமாரியில் நான்கு வகை கிடைக்கும். உடைத்த ஓட்ஸ் (ஸ்டீல் கட்) வேக 25 நிமிடம் ஆகும். செரிக்கவும் நேரம் எடுக்கும். தட்டையாக இருக்கும் ரோல்டு ஓட்ஸ் 5 நிமிடத்தில் வெந்துவிடும். அன்றாடச் சமையலுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். குயிக் குக், இன்ஸ்டன்ட் இரண்டும் இன்னும் மெல்லியதாக நசுக்கப்பட்டவை. கலோரி மாறாது, ஆனால் மாவுச்சத்து சீக்கிரம் செரித்துவிடுவதால் பசியும் சீக்கிரம் திரும்பும். நீரிழிவு இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

மூன்று-இன்-ஒன் சீரியல் பாக்கெட்டை ஓட்ஸ் கணக்கில் சேர்க்க வேண்டாம். பாக்கெட்டின் பின்புறம் உள்ள சேர்மானப் பட்டியல் எடை வரிசையில் எழுதப்பட்டிருக்கும். அதிகம் உள்ளது முதலில் வரும். சர்க்கரையும் கிரீமரும் முன்னால் இருந்து, ஓட்ஸ் நடுவில் எங்கோ வந்தால் அது இனிப்பு பானம். நல்ல ஓட்ஸின் பட்டியலில் ஒரே சொல்தான் இருக்கும்: ஓட்ஸ். மசாலா ஓட்ஸ் பாக்கெட்டுகளில் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் திறந்த பாக்கெட்டில் வண்டு விழும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, இடமிருந்தால் குளிர்பெட்டியில் வையுங்கள்.

ஒரு வேளைக்கு ஒருவருக்கு 40 கிராம், சமைப்பதற்கு முன் எடுத்த எடை. சாதாரண 250 மில்லி கப்பில் ரோல்டு ஓட்ஸ் அரைக் கப்புக்குச் சற்றுக் குறைவாக வரும். கை அளவை நம்பாதீர்கள். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். இரண்டு கிண்ணங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் காரணம் புரியும். கண் மதிப்பில் 80 கிராம் ஓட்ஸ் (300 கலோரி), 250 மில்லி முழுக் கொழுப்புப் பால் (160), ஒரு மேசைக்கரண்டி தேன் (60), 30 கிராம் உலர் திராட்சை (90), ஒரு வாழைப்பழம் (100): மொத்தம் 710 கலோரி. அடுத்த கிண்ணத்தில் 40 கிராம் ஓட்ஸ் (150), 200 மில்லி கொழுப்பு குறைந்த பால் (100), பக்கத்தில் ஓர் அவித்த முட்டை (70), அரை ஆப்பிள் (40): 360 கலோரி. இரண்டையும் ‘ஓட்ஸ்’ என்றுதான் சொல்கிறோம். முட்டையை விட்டுவிட வேண்டாம். 40 கிராம் ஓட்ஸில் புரதம் 5 கிராம்தான், அதை மட்டும் நம்பினால் மதியம் வரை தாங்காது.

பால் ஓட்ஸ் பலருக்கு ஒரே வாரத்தில் சலித்துவிடும். நம் நாக்குக்கு உப்பும் மிளகும்தான் நீண்ட நாள் ஒத்துவரும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

நெத்திலிக் கஞ்சி: 10 கிராம் உலர் நெத்திலியைக் கழுவி, ஒரு துண்டு இஞ்சியுடன் 450 மில்லி தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். 40 கிராம் ரோல்டு ஓட்ஸைப் போட்டு, சிறு தீயில் 5 நிமிடம் வேகவையுங்கள். ஒரு கைப்பிடி நறுக்கிய சாய் சிம் கீரை சேர்த்து ஒரு நிமிடம் விட்டு அடுப்பை அணையுங்கள். அடித்த முட்டை ஒன்றை மெல்லிய தாரையாக ஊற்றிக் கிளறி, நன்றாக வேகும்வரை மூடி வையுங்கள். முட்டை பச்சையாகத் தெரிந்தால் மீண்டும் சற்றுச் சூடாக்குங்கள். வெள்ளை மிளகுத்தூள் தூவுங்கள். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான் போட வேண்டும். நெத்திலியிலேயே போதுமான உப்பு இருக்கும்.

உப்புமா: இதில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். 40 கிராம் ரோல்டு ஓட்ஸை எண்ணெய் இல்லாமல் 4 நிமிடம், வாசனை வரும்வரை வறுத்துத் தனியே வையுங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுந்து, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஒரு கப் காய்கறியை முக்கால் பதம் வதக்குங்கள். 100 மில்லி தண்ணீரும் உப்பும் சேர்த்துக் கொதித்ததும் ஓட்ஸைப் போட்டு இரண்டே முறை புரட்டி, மூடி, சிறு தீயில் 3 நிமிடம். களியாகிப்போனால் காரணம் மூன்றில் ஒன்று: வறுக்கவில்லை, ரவைக்கு ஊற்றுவதுபோல் தண்ணீர் ஊற்றினீர்கள், அல்லது கிளறிக்கொண்டே இருந்தீர்கள். கிளறக் கிளற பீட்டா குளுக்கன் கூழ் வெளியே வந்து ஒட்டும். குயிக் குக் ஓட்ஸில் இதைச் செய்யவே வேண்டாம். எண்ணெயையும் கரண்டியால் அளந்தே ஊற்றுங்கள். ஒரு தேக்கரண்டி 40 கலோரி.

ஓட்ஸ் தோசை பற்றி ஒரு வார்த்தை. அரிசி மாவும் ரவையும் சேர்த்து, ஓரத்தில் எண்ணெய் விட்டுச் சுட்டால் அது சாதாரண தோசைக்குச் சமம்தான். அதற்குப் பதில் மூன்று இட்லியும் காய் நிறைந்த சாம்பாரும் சாப்பிடலாம். இட்லி எடைக்கு எதிரியல்ல.

காலையில் நேரமில்லாதவர்கள் வாயகன்ற ஃபிளாஸ்க் வைத்துக்கொள்ளலாம். முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, 40 கிராம் ரோல்டு ஓட்ஸும் கொதிக்கும் தண்ணீர் 250 மில்லியும் போட்டு மூடுங்கள். அலுவலகம் போய்ச் சேருவதற்குள் வெந்திருக்கும். எம்ஆர்டி ரயிலில் சாப்பிடத் தடை இருப்பதால் இறங்கிய பிறகே திறக்கவும். கூடவே வாங்கும் பானத்தையும் கவனியுங்கள்: கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிய தே (தேநீர்), கோப்பி வேண்டாம், பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி-ஓ கோசோங் கேளுங்கள்.

நார்ச்சத்து பழகாத வயிறு முதல் வாரம் உப்பும், காற்றுப் பிரியும். 20 கிராமில் தொடங்கி, பத்து நாளில் 40-க்கு வாருங்கள். தண்ணீரைக் கூட்டாமல் ஓட்ஸை மட்டும் கூட்டினால் மலச்சிக்கல் வரும். நாளுக்கு ஒரு வேளை போதும். மூன்று வேளையும் ஓட்ஸ் என்று இறங்குபவர்கள் விரைவில் வெறுத்து, இரவு பதினொரு மணிக்கு சப்பர் கடையில் உட்கார்ந்திருப்பார்கள். மதியமும் இரவும் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ‘மை ஹெல்தி பிளேட்’ கணக்கைப் பின்பற்றுங்கள்: தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு புரதம்.

இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், சாப்பாட்டு அளவைக் குறைக்கும் முன் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ பேசிவிடுங்கள். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். குளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) ஒவ்வாதவர்கள் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று அச்சிட்ட ஓட்ஸை மட்டும், அதுவும் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். ஆலையில் கோதுமை கலந்துவிடுவது சாதாரணம்.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் கழிவறை போய் வந்தபின் எடை பாருங்கள். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் நல்ல வேகம். நான்கு வாரமாகியும் முள் அசையவில்லை என்றால் ஓட்ஸை மாற்ற வேண்டாம். மூன்று நாளுக்கு எண்ணெய், பானம், மாலைப் பலகாரம் மூன்றையும் எழுதி வைத்துக் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் கணக்கு இடிக்கும்.