ஒகேனக்கல்லில் மீன் சாப்பாடு: ஊருக்கு வருகிறவர்களுக்கு

கனடாவிலிருந்து வந்த சித்தி மகன் ஒகேனக்கல்லுக்குக் கிளம்பும்போது கேட்ட முதல் கேள்வி, "அங்கே ஆற்றைப் பார்த்த மாதிரி நல்ல ரெஸ்டாரன்ட் இருக்கா?" என்பதுதான். உட்கார்ந்து சாப்பிட அரசின் 'ஓட்டல் தமிழ்நாடு' இருக்கிறது, சின்னச் சின்ன மெஸ்களும் உண்டு. ஆனால் அதற்காக யாரும் அங்கே போவதில்லை. ஒகேனக்கல்லில் மீன் ஒரு கடை, மளிகை ஒரு கடை, அடுப்பு இன்னொருவருடையது. மூன்றையும் சேர்த்துச் சாப்பாடாக்குவது நம் வேலை. ஊர்ப் பழக்கம் விட்டுப்போனவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

முதலில் எப்போது போவது என்று பாருங்கள். வெளிநாட்டுப் பள்ளி விடுமுறை பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் வருகிறது. கர்நாடகத்தில் மழை பெய்து கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பித் தண்ணீர் திறந்துவிடுவதும் அதே மாதங்களில்தான். 2024 ஜூலைக் கடைசியில் நீர்வரத்து விநாடிக்கு 1 லட்சம் கன அடியைத் தாண்டியது. அப்படி வெள்ளம் வரும் நாட்களில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும். கிளம்பும் அன்று காலை தமிழ்ச் செய்தியில் 'ஒகேனக்கல் நீர்வரத்து' என்று தேடினாலே நிலவரம் தெரிந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் வருகிறவர்களுக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

கூட வரும் பெரியவர்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு விடுமுறை, பெரியம்மாவுக்கு அது சனிக்கிழமை. புரட்டாசி என்றால் மாதம் முழுக்கவே கவிச்சி கிடையாது. இதை யோசிக்காமல் ஒரு வேன் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், பாதிப் பேருக்குத் தயிர் சாதம் தேடி அலைந்த அனுபவம் எனக்கு உண்டு.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகச் சுமார் 45 கிலோமீட்டர். காலை பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். போனதும் அருவியைப் பார்க்க ஓடாமல், முதலில் மீனை வாங்கி அடுப்புக்காரரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். சமையல் முடிய எப்படியும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். எண்ணெய் மசாஜ், குளியல், பரிசல் எல்லாவற்றையும் அந்த நேரத்தில் முடித்துக்கொள்ளலாம். முதலில் குளித்துவிட்டு மீன் வாங்கப் போனால், எண்ணெய்க் குளியல் கிளப்பிவிடும் பசியோடு பிள்ளைகள் அழ, நீங்கள் புகைக்கு நடுவே நிற்க வேண்டியிருக்கும்.

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். கண் தெளிவாக இருக்க வேண்டும். கட்லா, ரோகு, ஜிலேபிக் கெண்டை எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். குழம்புக்குக் கட்லாத் தலை அருமை. ஆனால் முள்ளில்லாத துண்டாகவே மீனைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இருந்தால், ரோகு, கட்லா வறுவலை அவர்கள் தட்டில் வைக்காதீர்கள். சதைக்குள் மெல்லிய முள் கிளை கிளையாக ஓடும். அவர்களுக்கு வாளை அல்லது விரால் இருக்கிறதா என்று கேளுங்கள். விலை கூடத்தான், ஆனால் நடு முள்ளை உருவினால் வேலை முடிந்தது. இன்னொன்று, செதில் சீவித் துண்டு போடும் வரை வீட்டு ஆள் ஒருவர் கூடவே நிற்கட்டும். சந்தேகத்தினால் என்று நினைக்க வேண்டாம், பத்துப் பேர் மீன் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும்போது மாறிப்போவது சகஜம்.

அடுத்து சமையல்கார அக்கா. நீங்கள் தேட வேண்டியதில்லை, அவர்களே வந்து கேட்பார்கள். சோறு, குழம்பு, ரசம், வறுவல் என்று விறகடுப்பில் செய்து கொடுப்பார்கள். எண்ணெய், அரிசி, மசாலா யார் வாங்குவது, மீனுக்குக் கிலோ கணக்கிலா அல்லது மொத்தமாகவா, சோறும் ரசமும் அதில் சேர்த்தியா என்று மூன்றையும் முதலிலேயே பேசிவிடுங்கள். நான் ஒருமுறை கூச்சப்பட்டுக்கொண்டு பேசாமல் விட்டேன், கடைசியில் கணக்கு மீன் விலையையே தாண்டிவிட்டது. அது அவர் தப்பில்லை, என் தப்பு. பேசும்போது டாலரில் கணக்குப் போட்டு "இவ்வளவுதானா!" என்று சத்தமாகச் சொல்லாமல் இருப்பது நல்லது. அதற்காகப் பத்து ரூபாய்க்குக் கறாராக மல்லுக்கட்டவும் வேண்டாம், புகையில் வேகிறவர் அவர்.

காரம் பற்றிச் சொல்வதானால் மசாலா தடவும் முன்பே சொல்லுங்கள். தடவி ஊறவைத்த பிறகு "கொஞ்சம் கம்மியா போடுங்கக்கா" என்று சொல்லிப் பயனில்லை. பிள்ளைகளுக்கு நாலு துண்டை மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டுத் தனியாக வைக்கச் சொன்னால் வைப்பார்கள். வறுக்கப் புது எண்ணெய்ப் பாக்கெட் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், பழைய எண்ணெய்தான் வெளியூர் வயிற்றைக் கெடுக்கும். குடிக்கத் தண்ணீர் பாட்டில் போதுமான அளவு எடுத்துப் போங்கள்.

பணம் சில்லறை நோட்டாக இருக்கட்டும். அயல்நாட்டு அட்டையை மீன் கடையில் நீட்டிப் பயனில்லை. 2023 முதல் சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, அமீரகம் போன்ற சில நாடுகளின் கைபேசி எண்ணை வைத்தே என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. எனும் வெளிநாடுவாழ் இந்தியர்களின் வங்கிக் கணக்குகளில் யுபிஐ பயன்படுத்த வழி செய்திருக்கிறார்கள். அப்படி வைத்திருப்பவர்களுக்குச் சௌகரியம். ஆனால் ஈரக் கையோடு, சிக்னல் வராத இடத்தில் நிற்கும்போது ரூபாய் நோட்டுதான் வேலை செய்யும்.

பரிசலில் ஏறினால் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள், போட்டோவுக்காகக்கூட. நடு ஆற்றில் இன்னொரு பரிசலில் நொறுக்குத் தீனி விற்றுக்கொண்டு வருவார்கள், பிள்ளைகள் கேட்பார்கள். மீன் ஆறிவிடும் என்று சொல்லிச் சமாளியுங்கள். சாப்பிட்ட கையைக் கழுவ ஆள் இல்லாத கரைப் பக்கம் போக வேண்டாம், காவிரியின் இந்தப் பகுதியில் முதலைகள் உண்டு. வனத்துறை முதலைப் பண்ணையே அங்கே வைத்திருக்கிறது.

அப்புறம் குரங்கு. இலை போட்டதும் ஒருவர் குச்சியோடு காவல் இருக்க வேண்டும். எங்கள் வாளை வறுவலில் இரண்டு துண்டை, நான் தண்ணீர் ஊற்றத் திரும்பிய நேரத்தில் ஒன்று தூக்கிப் போய்விட்டது. தின்னவில்லை, மோந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாலை ஐந்து மணிக்கு முன்னால் வண்டியை எடுத்துவிடுங்கள். பென்னாகரம் வரை காட்டுக்குள் வளைவுப் பாதை, இருட்டினால் யானை நடமாட்டம் உண்டு. மிஞ்சிய குழம்பைத் தூக்கில் ஊற்றிக்கொண்டால் மூடியை இறுக்கிப் போடுங்கள். வாடகை வண்டிக்காரர் மூன்று நாளைக்கு அந்த வாசனையோடுதான் ஓட்ட வேண்டும்.