இரண்டு இரவு இலையுதிர்கால மலைநடை: திட்டத்தை அஸ்தமனத்திலிருந்து தொடங்குங்கள்

இந்தப் பருவத்தில் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தூரம் அல்ல. சீக்கிரம் வந்துவிடும் இருட்டும் இரவுக் குளிரும்தான். அதனால் எத்தனை கிலோமீட்டர் நடக்கலாம் என்று முதலில் கேட்காதீர்கள். சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

1892இல் ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். 12 கிலோமீட்டர் தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு ஏறக்குறைய 4 மணி நேரம் வரும். முதுகுச் சுமை, ஓய்வு இரண்டையும் சேர்த்து அதை ஒன்றரை மடங்காக்கினால் 6 மணி நேரம். ஆறு மணிக்கு அஸ்தமனம் என்றால் நாலரைக்குள் கூடாரம் போடும் இடத்தில் இருக்க வேண்டும். அதற்குக் காலை பத்தரைக்குள் கிளம்பியாக வேண்டும். இறக்கத்தில் நேரத்தை மீட்டுவிடலாம் என்று நம்பாதீர்கள். நனைந்த சருகு வழுக்கும். வேரையும் கல்லையும், சில இடங்களில் பாதையையே மூடி மறைத்துவிடும்.

உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். 500 மீட்டரில் உள்ள ஊருக்கு இரவில் 10 டிகிரி என்று முன்னறிவிப்பு இருந்தால், 2000 மீட்டரில் நீங்கள் படுக்கும் இடத்தில் உறைநிலையை எதிர்பாருங்கள். காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். எனவே ஓடைக்கரையிலும் புல்வெளியிலும் கூடாரம் வேண்டாம். முப்பது, நாற்பது மீட்டர் மேலே மரங்களுக்கிடையில் சமதளம் தேடுங்கள். அங்கே பனி ஈரமும் குறைவு. தலைக்கு மேல் பட்டுப்போன கிளை இல்லையா என்று அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் விலை உயர்ந்த ஸ்லீப்பிங் பேக் வாங்கிவிட்டு, மெலிந்த பாயில் படுத்து நடுங்குகிறார்கள். உடல் எடையில் பையின் அடிப்பக்கம் நசுங்கிவிடுவதால் அங்கே வெப்பத்தைப் பிடித்துவைக்க எதுவும் மிஞ்சாது, தரை உறிஞ்சிவிடும். பாயின் ஆர் மதிப்பு, அதாவது வெப்பம் தரைக்குப் போகாமல் தடுக்கும் திறனின் அளவு, 4க்கு மேல் இருக்கட்டும். இரண்டு பாய்களை அடுக்கினால் மதிப்புகள் கூடும்: 2 உள்ள ஃபோம் பாயும் 3 உள்ள காற்றுப் பாயும் சேர்ந்து 5. ஸ்லீப்பிங் பேக்கில் ‘கம்ஃபர்ட்’ என்று போட்ட வெப்பநிலையைப் பாருங்கள். ‘லிமிட்’ என்பது சுருண்டு படுத்துச் சமாளிக்கும் எல்லை, நிம்மதியாகத் தூங்கும் அளவல்ல.

குளிர் கருவிகளையும் விடாது. கேஸ் அடுப்பில் எரியும் பியூட்டேன், தண்ணீர் உறையும் குளிரை ஒட்டி ஆவியாகாது. அடுப்பு மங்கி அணையும். ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த கேஸ் கேனிஸ்டர் வாங்கி, இரவில் உங்களோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள் வையுங்கள். நீர் ஃபில்டரும் அங்கேயே தூங்கட்டும். ஒருமுறை பயன்படுத்தியபின் உள்ளே தங்கும் நீர் உறைந்தால் நுண்குழாய்கள் விரிசல் விடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, கிருமி மட்டும் தாண்டி வரும். சந்தேகம் வந்தால் நீரைக் கொதிக்கவிடுங்கள்: கொதி வந்தபின் 1 நிமிடம், 2000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் ஐஸ் அடிப்பக்கம் கட்டும், வாய் அடைக்காது. வரைபடத்தில் உள்ள சிறு ஊற்றுகள் கோடை முடிவில் வற்றியிருக்கலாம். அடுத்த நீர்நிலைவரை போதுமான அளவு சுமந்து செல்லுங்கள்.

உணவு ஒரு நாளைக்கு ஆளுக்கு 600 முதல் 800 கிராம் உலர்பொருள். கரடி வாழும் காடுகளில் இது அவை குளிர்காலத்துக்காகக் கொழுப்புச் சேர்க்கும் காலம். உணவு, பற்பசை உட்பட மணமுள்ள எல்லாவற்றையும் கரடி திறக்க முடியாத டப்பாவில் பூட்டி, கூடாரத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி வையுங்கள். வேட்டைக்கு அனுமதி உள்ள பகுதியா என்று முன்பே விசாரியுங்கள். ஆமென்றால் பளிச்சென்ற ஆரஞ்சு மேலாடை கட்டாயம்.

பருத்தி உடை வேண்டாம், நனைந்தால் சீக்கிரம் காயாது. ஏற்றத்தில் வியர்ப்பதற்கு முன்பே ஒரு அடுக்கைக் கழற்றுங்கள், நின்றவுடன் போட்டுக்கொள்ளுங்கள். உலர்ந்த உள்ளாடையும் காலுறையும் தூங்க மட்டும். உடன் வருபவர் தடுமாறினால், பேச்சுக் குழறினால், ஜாக்கெட் ஜிப்பை இழுக்கத் திணறினால் அது உடல் வெப்பம் இறங்குவதன் அறிகுறி. அடுத்த முகாம்வரை போகலாம் என்று தள்ளாதீர்கள். அங்கேயே கூடாரம் போட்டு, ஈர உடையை மாற்றி, ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுக்கவைத்து, விழுங்க முடிந்தால் இனிப்பான வெந்நீர் கொடுங்கள்.