ஃபுளோரிடா ஊற்றுகளுக்குப் போகிறீர்களா? நாங்கள் செய்த தவறுகளைச் செய்யாதீர்கள்

ஃபுளோரிடா என்றதும் டிஸ்னியும் மயாமி கடற்கரையும்தான் ஞாபகத்துக்கு வரும். இங்கே வேலைக்கு வந்து ஆறேழு வருடம் ஆகியும் ஊற்றுப் பக்கம் எட்டிப் பார்க்காத நம் ஆட்கள் நிறையப் பேர், நானும் ரொம்ப நாள் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். மாநிலத்தின் வடக்கிலும் நடுவிலும் ஆயிரத்துக்கு மேல் நன்னீர் ஊற்றுகள் இருக்கின்றன. மழைத்தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, அடியில் வருடக்கணக்கில் ஓடி, எங்கோ ஒரு வெடிப்பு வழியாகப் பொங்கி வெளியே வருகிறது. முதல் தரத்து ஊற்று என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அது ஒரு நாளைக்குக் குறைந்தது 24 கோடி லிட்டர் தண்ணீரைத் தள்ள வேண்டும். அடியில் விழுந்த காசு மேலிருந்தே தெரியும், அவ்வளவு தெளிவு.

அந்தத் தெளிவில்தான் வில்லங்கமே. நீச்சல்குளம் மாதிரி தெரிகிறதே என்று நீச்சல்குளத்துக்குக் கிளம்புகிற மாதிரியே கிளம்பிவிடுகிறோம்.

முதல் தவறு நேரம். சனிக்கிழமை இட்லி சாப்பிட்டு, புளியோதரை கட்டி, நாலு குடும்பமும் சேர்ந்து பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கோடையில் வீக்கெண்ட் என்றால் பூங்கா நிரம்பியதும் கேட்டை மூடிவிடுவது வழக்கம், உள்ளே இருப்பவர்கள் வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஸ்டேட் பார்க்குகள் பெரும்பாலும் காலை 8 மணிக்குத் திறக்கும், அப்போதே வாசலில் நில்லுங்கள். வார நாளில் லீவு போட முடிந்தால் இன்னும் நல்லது. அப்புறம் அந்தப் புளியோதரை: ஊற்றுத் தண்ணீர் ஓடும் இச்செட்டக்னி ஆற்றில் ட்யூபில் மிதக்கப் போகிறீர்கள் என்றால் பிளாஸ்டிக் பாட்டில், சிப்ஸ் பாக்கெட் என்று தூக்கி எறிகிற எதையும் ஆற்றுக்குள் கொண்டுபோகக் கூடாது. சாப்பாடு கரையோடு சரி.

அடுத்தது குளிர். வெளியே 35 டிகிரி கொளுத்தும், தண்ணீர் கோடை குளிர்காலம் பார்க்காமல் ஏறக்குறைய 22 டிகிரியில் நிற்கும். நிலத்தடி நீர் அந்த ஊரின் வருடச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும் என்பதுதான் காரணம், அதனால்தான் நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் இதைவிட ஐந்தாறு டிகிரி வெதுவெதுப்பு. இறங்கின பத்து நிமிடம் சுகமாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து என் மகளுக்கு உதடு நீலம் பாரித்துப் பல் தந்தியடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. காட்டன் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்து மேலே ஏறின பிறகும் நடுங்க வைக்கும். மூன்று மில்லிமீட்டர் வெட்சூட் (உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் நீச்சலுடை) ஒன்று வாடகைக்குக் கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். ஒல்லியான பிள்ளைகளை அரை மணிக்கு ஒருமுறை வெயிலுக்கு ஏற்றுங்கள்.

கண் ஏமாற்றுவது இன்னொன்று. பள்ளியில் ஒளிவிலகல் படித்திருப்போம்: மேலிருந்து நேராகப் பார்த்தால் தண்ணீரின் ஆழம் முக்கால்வாசிதான் தெரியும். எட்டடி ஆழம் ஆறடியாகத் தெரியும். 'கால் எட்டும்' என்று நினைத்து இறங்கினவர் தலைக்கு மேல் தண்ணீர் இருப்பதை இறங்கின பிறகுதான் தெரிந்துகொள்வார். கடலில் ஸ்நார்க்கல் (மூச்சுக்குழாய் மாட்டி முகம் கவிழ்ந்து மிதப்பது) செய்து பழகியவர்களும் கவனிக்க வேண்டும், உப்புத் தண்ணீர் உங்களைத் தூக்கிக் கொடுத்த அளவுக்கு நன்னீர் தூக்காது. நீச்சல் சுமார்தான் என்றால் வெட்கப்படாமல் லைஃப் ஜாக்கெட் போடுங்கள்.

இனி சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது. ஊற்றின் வாய் என்பது ஒரு குகையின் வாசல். நீலமாக, வெளிச்சம் விழுந்து, 'உள்ளே வா' என்று கூப்பிடுவது போலவே இருக்கும். பல ஊற்றுகளில் வாசலுக்கு அருகே தண்ணீருக்கு அடியிலேயே எமன் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். இதுபோன்ற குகைகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட டைவர்கள் இறந்திருக்கிறார்கள், அதில் டைவிங் கற்றுக்கொடுக்கிறவர்களும் உண்டு என்று அதிலேயே எழுதியிருக்கும். சிலிண்டர் கட்டியவர்களுக்கே அந்தக் கதி. உள்ளே படிந்திருக்கும் வண்டலைத் துடுப்புக்கால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், கண் தெரியாது, வந்த வழியும் தெரியாது, மேலே போகலாம் என்றால் மேலே பாறை. குகைக்கென்று தனிப் பயிற்சி பெறாதவர் வாசலுக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி.

மூச்சடக்கி அடிவரை போய்வரும் போட்டியும் வேண்டாம். முங்குவதற்கு முன்னால் நாலைந்து முறை வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டுப் போனால் அதிக நேரம் தாங்கலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. தாங்கத்தான் செய்யும், ஆனால் ஏன் என்று தெரிந்தால் செய்ய மாட்டீர்கள். மூச்சு விடு என்று உடம்பு நச்சரிப்பது ஆக்சிஜன் குறைந்ததால் அல்ல, பெரும்பாலும் கரியமில வாயு ஏறியதால். வேகமாக மூச்சு வாங்கும்போது அந்த வாயுவை வெளியே தள்ளிவிடுகிறோம். நச்சரிப்பு வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, எந்த அறிகுறியும் இல்லாமல் மயக்கம் போட்டுவிடும். நன்றாக நீந்தத் தெரிந்த இளவட்டங்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். ஒருவர் முங்கினால் இன்னொருவர் மேலே இருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அல்ல.

கயாக் ஓட்டுவதில் எங்கள் தவறு சிரிப்புக்குரியது. சில்வர் ஸ்பிரிங்ஸில் ஊற்றுப் பக்கம் ஏறி நீரோட்டத்தோடு இறங்கினோம், துடுப்பே போடாமல் ஜாலியாகப் போய்க்கொண்டிருந்தது. திரும்பும்போது முக்கால் மணி நேரப் பயணம் ஒன்றரை மணி நேரம் ஆனது, மறுநாள் கையைத் தூக்க முடியவில்லை. ஏறின இடத்துக்கே திரும்ப வேண்டுமென்றால் பாதித் தெம்பு தீருவதற்கு முன்பே திரும்பிவிடுங்கள். (அந்த ஆற்றங்கரையில் குரங்குகளைப் பார்க்கலாம், நம் வட இந்தியச் செம்முகக் குரங்கேதான். 1930களில் படகுச் சவாரி நடத்திய ஒருவர் பயணிகளுக்கு வேடிக்கை காட்ட ஒரு தீவில் கொண்டுவந்து விட, அவை நீந்திக் கரையேறிவிட்டன. மனிதருக்கு உயிராபத்தான ஹெர்பீஸ் பி வைரஸ் அவற்றிடம் இருக்கிறது என்பதால் பழம் நீட்டாதீர்கள்.) அங்கே நீந்தவும் கூடாது, கயாக், படகு மட்டும்தான். எந்த ஊற்றில் எதற்கு அனுமதி என்று பார்க்காமல் போய் ஏமாறுவது நம்மவர்களுக்கு வழக்கம். ரெயின்போ ஆறு போல மோட்டார் படகு ஓடும் இடத்தில் ஸ்நார்க்கல் செய்தால், சிவப்பில் குறுக்கே வெள்ளைப் பட்டை போட்ட கொடியை மிதக்கவிட வேண்டும், இது சட்டம்.

தரையில் ஆடும் புல்லை மிதிக்காதீர்கள். பெரும்பாலும் அது வாலிஸ்னேரியா வகை. மகரந்தச் சேர்க்கைப் பாடத்தில், சுருள் காம்பில் பெண்பூ மேலே வந்து மிதக்கும் என்று படித்தோமே, அதன் அமெரிக்க உறவு. மானட்டி என்ற கடற்பசுவுக்கு அதுதான் சாப்பாடு.

மானட்டி நம் பாக் நீரிணை ஆவுளியாவுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். குளிர்காலத்தில் அதைப் பார்க்கத்தான் கிறிஸ்டல் ரிவர் என்ற ஊருக்குக் கூட்டம் குவிகிறது. 20 டிகிரிக்குக் கீழே போன தண்ணீரில் அது நெடுநேரம் தாக்குப்பிடிக்காது, அதனால்தான் ஊற்றின் வெதுவெதுப்பைத் தேடி வருகிறது. நீங்கள் துரத்தித் தொட்டு அது வெளியே குளிர்ந்த ஆற்றுக்குப் போய்விட்டால் அதன் உயிருக்கே ஆபத்து. கயிறு கட்டிய பகுதிக்குள் போகாதீர்கள், காலை உதைக்காமல் சும்மா மிதந்துகொண்டிருங்கள், அதுவாகவே வந்து பார்த்துவிட்டுப் போகும். ஆரஞ்சு சிட்டி பக்கம் இருக்கும் புளூ ஸ்பிரிங்கில் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை யாருமே தண்ணீரில் இறங்க முடியாது, கரையில் போட்ட மரப்பாதையிலிருந்து பார்க்கலாம்.

முதலை இருக்குமா என்று அம்மா போனில் கேட்பார். இருக்கும். குறித்துவைத்த இடத்தில் மட்டும் நீந்துங்கள், பொழுது சாய்ந்த பிறகு இறங்காதீர்கள், தீனி போடவே போடாதீர்கள்.

கடைசியாக, கிளம்புவதற்கு முன் பூங்காவுக்கு ஒரு போன் போடுங்கள். பெருமழைக்குப் பிறகு சுவானி, சான்டா ஃபே ஆறுகள் ஏறினால், கரையோர ஊற்றுகளுக்குள் ஆற்றுத் தண்ணீர் புகுந்து எல்லாம் டிகாஷன் நிறமாகிவிடும். மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போய் அந்த டிகாஷனைப் பார்த்துவிட்டுத் திரும்பிய குடும்பம் எங்களுடையது.