டை போட்டு ஸ்கேன் எடுப்பதற்கு முன் என்னிடம் சொல்லிவிடுங்கள்

சி.டி. ஸ்கேன் படம் தெளிவாகத் தெரிய ரத்தக் குழாயில் ஏற்றும் மருந்துதான் டை. ஸ்கேன் அறையில் அதை ஏற்றுவது என் வேலை. அது சிலருடைய சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அதனால் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவைக் கேட்பேன்; சிறுநீரகம் மந்தமானால் அது கூடும். "கிரியாட்டினின் பார்த்தீர்களா?" என்று கேட்டால், பாதிப் பேர் "நார்மல்தான்" என்பார்கள். நான் ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்வேன். ஒருமுறை 78 வயதுப் பாட்டிக்கு 1.3 இருந்தது. "கொஞ்சம்தானே கூட" என்றார் மகன். வயதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஈ.ஜி.எஃப்.ஆர்., அதாவது சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம், 42தான் வந்தது. தசை வற்றியவர்களுக்குக் கிரியாட்டினின் குறைவாகவே காட்டும். அதனால் ஈ.ஜி.எஃப்.ஆர். எண்ணைத் தேடுங்கள். 45க்கு மேல் இருந்தால் பொதுவாகப் பயமில்லை. 30க்குக் கீழே என்றால், டை இல்லாமல் எடுக்கலாமா, அல்ட்ராசவுண்ட் போதுமா, முன்னும் பின்னும் சலைன் ஏற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

இந்த டையில் அயோடின் இருக்கிறது. அதைச் சிறுநீரகம்தான் வெளியேற்றியாக வேண்டும். போகிற வழியில் அது சிறுநீரகத்தின் உள்பகுதி ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அங்கே ஆக்ஸிஜன் முன்பே குறைவு. சிறுநீர் ஓடும் நுண்குழாய்களின் செல்களையும் நேராகத் தாக்குகிறது. உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தால் டை அங்கே கெட்டியாகித் தேங்கும்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். "வெறும் வயிறு" என்று சொன்னதும் முந்தின நாள் இரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல், நாக்கு வறண்டு வந்து படுக்கிறார்கள். தண்ணீர் எதுவரை குடிக்கலாம் என்று ஸ்கேன் சென்டரில் முன்பே கேளுங்கள். இதய நோய்க்காகத் தண்ணீரை அளந்து குடிப்பவர்கள் மட்டும் டாக்டர் சொல்படி நடக்கட்டும்.

அப்புறம் மாத்திரை. "எதுவும் சாப்பிடுவதில்லை" என்று சொன்ன ஒருவரின் சட்டைப் பையிலிருந்து டைக்ளோஃபினாக் பட்டை எட்டிப் பார்த்தது. மூட்டு வலிக்குத் தினமும் இரண்டாம். அது மருந்துக் கணக்கிலேயே வராதாம்! வலி மாத்திரையும் டையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்காது. ஆனால் சிறுநீரகம் மந்தமானால் அது உடம்பில் தேங்கி ரத்தத்தில் அமிலம் ஏறலாம். ஈ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே உள்ளவர்களுக்கு ஸ்கேன் முடிந்து 48 மணி நேரம் நிறுத்தி, மறுபடி ரத்தம் பார்த்தே தொடங்கச் சொல்வார்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஸ்கேனே வேண்டாம் என்று ஓடவும் வேண்டாம். நல்ல சிறுநீரகத்துக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. பக்கவாதம், உள்ளே ரத்தக்கசிவு என்று சந்தேகம் வந்தால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கவே மாட்டோம்.

டை ஏறும்போது உடம்பெல்லாம் சூடாகும், சிறுநீர் கழித்துவிட்டது போலத் தோன்றும். அது சாதாரணம். வீட்டுக்குப் போய், சிறுநீர் நிறம் மாறவில்லையே என்று பார்க்காதீர்கள். டைக்கு நிறமே கிடையாது. சிறுநீர் வழக்கம்போலப் போனாலும் பாதிப்பு இருக்கலாம். ஆபத்து உள்ளவர்கள் இரண்டு, மூன்று நாளில் கிரியாட்டினினை மறுபடி பாருங்கள். பழைய அளவைவிட 0.3 கூடியிருந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.