முதியோர் பராமரிப்பு இல்லத்தை எடைபோடுவது எப்படி? முதன்முறை தேடுபவர்களுக்கு

பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்த அப்பா, இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்ட அம்மா, மறதி நோய் முற்றிய பாட்டி. ஆஸ்பத்திரியில் நாளைக்கு டிஸ்சார்ஜ் என்று சொல்லிவிடுவார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. அந்த அவசரத்தில்தான் பெரும்பாலான குடும்பங்கள் பராமரிப்பு இல்லம் தேடத் தொடங்குகின்றன. இணையத்தில் படம் பார்த்து, போனில் பேசி, முன்பணம் கட்டி முடித்துவிடுகிறார்கள். நல்ல இடமா என்று பார்த்தறிய மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. எதை, எந்த நேரத்தில் பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

ஓர் இல்லத்தின் தரத்தை அங்கே தானாக எழவோ, வாய்விட்டுக் கேட்கவோ முடியாதவரைப் பார்த்துத்தான் அளக்க வேண்டும். நடமாடும் பெரியவர் தண்ணீரைத் தானே எடுத்துக் குடிப்பார், பிடிக்காவிட்டால் சத்தம் போடுவார். கடைசி அறையில் படுத்திருப்பவருக்கு அது முடியாது. அவர் நன்றாக இருந்தால் மற்றவர்களும் நன்றாகவே இருப்பார்கள். கீழே வரும் படிகள் எல்லாம் அவரை மனத்தில் வைத்து எழுதியவை.

படி 1: உங்கள் வீட்டுப் பெரியவரின் தேவையை எழுதுங்கள்

குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது. அமெரிக்க மருத்துவர் சிட்னி கேட்ஸ் 1963இல் வகுத்த இந்த ஆறு கேள்விகளை முதியோர் மருத்துவத்தில் இன்றும் கேட்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக ‘தானே செய்வார்’, ‘கொஞ்சம் உதவி வேண்டும்’, ‘முழு உதவி வேண்டும்’ என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தாளை வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள். தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவரை மட்டும் சேர்க்கும் இல்லங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அதனால், “பின்னாடி படுத்த படுக்கையாயிட்டா இங்கேயே வச்சுப் பாத்துப்பீங்களா, கூட்டிட்டுப் போகச் சொல்லுவீங்களா?” என்று முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் நேரில் போகும் சிரமமே வேண்டாம்.

படி 2: காகிதங்கள்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். பதிவுச் சான்றிதழ், தீயணைப்புத் துறைச் சான்று, சமையலறைக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம். இவற்றைக் காட்டச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். காகிதம் இல்லாத இடம் வேண்டாம். ஆனால் காகிதம் இருப்பதாலேயே அங்கே பராமரிப்பு நன்றாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

படி 3: இரண்டு வேளை போய்ப் பாருங்கள்

முதல் முறை சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். அடுத்த முறை சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போங்கள். நிர்வாகி விடுப்பில் இருக்கும் அந்த நேரத்தில்தான் இடத்தின் வழக்கமான முகம் தெரியும்.

உள்ளே நுழைந்ததும் மூக்கைக் கவனியுங்கள். ஓர் அறையில் மட்டும் வாடை வந்தால் யாருக்காவது அப்போதுதான் டயப்பர் மாற்ற வேண்டியிருக்கும், அது இயல்பு. நடைபாதை முழுக்க, மெத்தையிலும் திரைச்சீலையிலும் மூத்திர வாடை ஊறியிருந்தால் அது பல மாத அலட்சியம். மூச்சை அடைக்கும் அளவுக்குப் பினாயில் வாசம் வந்தாலும் எதை மறைக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

படி 4: படுத்திருப்பவரைப் பாருங்கள்

அனுமதி கேட்டுவிட்டுத்தான் அறைக்குள் போக வேண்டும். யாருடைய போர்வையையும் விலக்கிப் பார்க்காதீர்கள், அவர் இன்னொரு வீட்டின் அம்மா. வெளியே தெரிவதே நிறையச் சொல்லும். நகம் வெட்டியிருக்கிறதா? உதடு வறண்டு வெடித்திருக்கிறதா? வாயில் பழைய சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கிறதா? தண்ணீர் டம்ளரும் அழைப்பு மணியும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றனவா? சிறுநீர்ப் பை தரையில் கிடக்காமல், அதே சமயம் இடுப்பைவிடத் தாழ்வாகத் தொங்குகிறதா? பை மேலே ஏறினால் சிறுநீர் திரும்பிப் போய்க் கிருமித் தொற்றை உண்டாக்கும்.

படுக்கைப்புண்ணைப் பற்றி விரிவாகவே கேட்க வேண்டும். ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சிக்கும் தோலுக்கு ரத்தம் போகாது. முதுகின் அடிப்பகுதி, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, இந்த இடங்கள்தான் முதலில் பாதிக்கப்படும். முதல் அடையாளம் சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காமல் சிவந்தே இருக்கும், கறுத்த தோலில் அது கருஞ்சிவப்பாகவோ சூடாகவோ தெரியும். அந்தக் கட்டத்தில் கவனித்தால் பெரும்பாலும் ஆறிவிடும். விட்டால் எலும்பு தெரியும் அளவுக்குப் போகும். இதைத் தடுக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருக்களித்துப் படுக்க வைப்பது பொதுவான வழக்கம்.

புரட்டிப் படுக்க வைக்கும் சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். அது இல்லவே இல்லை என்றால் ஒரு செய்தி. காலை 11 மணிக்கே மாலை 4 மணிக் கட்டத்திலும் டிக் போட்டிருந்தால் அதைவிடப் பெரிய செய்தி. காற்று மெத்தை போட்டிருந்தால் அதன் மோட்டார் ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். சுவிட்சை அணைத்துப் போட்ட காற்று மெத்தையால் ஒரு பயனும் இல்லை.

“இப்ப எத்தனை பேருக்குப் படுக்கைப்புண் இருக்கு? அதுல இங்க வந்தப்புறம் வந்தது எத்தனை?” இந்தக் கேள்விக்கு எண்ணிக்கையோடும் என்ன மருத்துவம் நடக்கிறது என்ற விவரத்தோடும் பதில் வந்தால் நம்பலாம். “எங்ககிட்ட யாருக்குமே வராது” என்பதை நான் எளிதில் நம்ப மாட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்தே புண்ணோடு வருகிறவர்கள் உண்டு.

கையைக் கட்டிலோடு கட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். மூக்குக் குழாயைப் பிடுங்கிவிடுகிறார் என்பார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தாரா, குடும்பத்துக்குத் தெரியுமா, எப்போதெல்லாம் அவிழ்த்துவிடுகிறீர்கள் என்று தொடர்ந்து கேளுங்கள். காலை 11 மணிக்கு அறையில் எல்லோருமே தூங்கிக்கொண்டிருந்தாலும் யோசிக்க வேண்டும். மறதி நோயாளிகளை அடக்கி வைக்கச் சில மனநல மருந்துகளைக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. அவை இத்தகைய முதியவர்களின் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்தது. எந்த மருத்துவர் எழுதினார், கடைசியாக எப்போது மறுபரிசீலனை செய்தார் என்று கேட்பது உங்கள் உரிமை.

படி 5: சாப்பாடு ஊட்டுவதைப் பாருங்கள்

ஊட்டுபவர் உட்கார்ந்து, முகம் பார்த்து ஊட்டுகிறாரா, நின்றபடி வாயில் திணிக்கிறாரா? சாப்பிடுகிறவரின் முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். முதல் வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய். முடித்த பிறகும் அரை மணி நேரம் சாய்க்காமல் உட்கார வைத்திருக்க வேண்டும். படுத்த நிலையில் கஞ்சியை ஊற்றினால் புரையேறும். அது மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரும். பக்கவாதம் வந்தவர்களை இப்படித்தான் பலமுறை இழக்கிறோம்.

எடைப் பதிவேட்டையும் கேளுங்கள். ஒரே மாதத்தில் எடையில் 5 சதவீதம் குறைந்தால் மருத்துவர் கட்டாயம் பார்க்க வேண்டும். 50 கிலோ இருந்தவருக்கு அது இரண்டரைக் கிலோ. நிற்க முடியாதவரின் எடையை எப்படிப் பார்க்கிறீர்கள் என்றும் கேளுங்கள். உட்கார்ந்தபடி எடை பார்க்கும் நாற்காலி எடைக்கருவி இருந்தால், அல்லது மேற்கையின் சுற்றளவையாவது அளந்து குறித்தால், அக்கறையுள்ள இடம்.

இரவுச் சாப்பாட்டுக்கும் காலைப் பலகாரத்துக்கும் எத்தனை மணி நேர இடைவெளி? அமெரிக்க விதிகளில் பொதுவாக 14 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. வேலை சீக்கிரம் முடிய வேண்டுமென்று 6 மணிக்கே இட்லியைக் கொடுத்துப் படுக்க வைக்கும் இடங்களில் இது எளிதில் மீறப்படும். இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளிக்கு அந்த இடைவெளி உயிருக்கே ஆபத்தாகலாம்.

படி 6: இரவுக் கணக்கு

பகலில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை எத்தனை பேர் என்று கேளுங்கள். பிறகு கணக்குப் போடுங்கள். 20 பேர் படுத்த படுக்கை. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் 4 சுற்று, மொத்தம் 80 முறை. ஒருவரைப் புரட்டி, டயப்பர் பார்த்து, தலையணை வைக்கக் குறைந்தது 5 நிமிடம், அதுவும் இரண்டு பேர் சேர்ந்து. 400 நிமிடம். 8 மணி நேரத்தில் ஏறக்குறைய 7 மணி நேரம் இருவர் நிற்காமல் வேலை செய்தாக வேண்டும். “நைட்டுக்கு ஒரு அக்கா இருக்காங்க” என்று அந்த இல்லம் சொன்னால், இரவில் யாரையும் புரட்டுவதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்த அக்காவின் மேல் கோபப்பட வேண்டாம். நான் பணியாளர்களிடம் பேசும்போது, “எத்தனை மாசமா இங்க இருக்கீங்க?”, “சாப்பாடு, தூங்க இடமெல்லாம் சரியா இருக்கா?” என்றுதான் கேட்பேன். எல்லோரும் போன மாதம் சேர்ந்தவர்கள் என்றால் யாரும் அங்கே நிலைப்பதில்லை என்று பொருள். பாட்டிக்கு எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள ஓர் ஆளுக்கு நாள் பிடிக்கும். பணியாளருக்குத் தமிழ் தெரியுமா என்பதும் முக்கியம். “தண்ணி”, “வலிக்குது”, “வெளிய போகணும்” என்ற அளவுக்காவது புரிய வேண்டும். முறையாகப் படித்த நர்ஸ் இரவில் இருக்கிறாரா என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

படி 7: அங்கிருப்பவர்களிடம் பேசுங்கள்

நிர்வாகி பக்கத்தில் நிற்கும்போது யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தனியே பேசும்போதும் “நல்லா பாத்துக்கறாங்களா?” என்று கேட்டால் “ம், பரவால்ல” என்றுதான் வரும். “ராத்திரி பாத்ரூம் போகணும்னா கூப்பிட்டதும் வர்றாங்களா பாட்டி?”, “நேத்து ராத்திரி என்ன சாப்டீங்க தாத்தா?” என்று குறிப்பாகக் கேளுங்கள். வாசலில் பார்க்க வரும் மகனோ மகளோ கிடைத்தால் ஐந்து நிமிடம் பேசிவிடுங்கள், அவர்களிடமிருந்துதான் உண்மை வரும்.

படி 8: ஒப்பந்தம்

மாதக் கட்டணத்தில் எது அடக்கம், எது தனி என்பதை எழுத்தில் வாங்குங்கள். டயப்பர், மருந்து, பிசியோதெரபி, ஆம்புலன்ஸ் எல்லாம் பின்னால் வந்து சேரும். நடுவில் வெளியேறினாலோ பெரியவர் காலமானாலோ டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரி, கூட யார் போவார்கள் என்பதையும் கேளுங்கள். சொத்தை இல்லத்தின் பெயருக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

படி 9: சேர்த்த பிறகு

சேர்க்கும் நாளில் எடையைக் குறித்து, குதிகால், முதுகின் அடிப்பகுதி இரண்டையும் படமெடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் வெவ்வேறு நேரங்களில் போங்கள். வெளிநாட்டில் இருந்தால் வீடியோ அழைப்பைச் சாப்பாட்டு நேரத்தில் வையுங்கள். முகத்தோடு குதிகாலையும் காட்டச் சொல்லுங்கள். ஊரில் உள்ள சித்தியோ அண்ணனோ மாதம் ஒருமுறையாவது நேரில் போகட்டும்.

குறை கண்டால் நாளும் நேரமும் போட்டு நிர்வாகியிடம் எழுத்தில் கொடுங்கள். சரியாகாவிட்டால் மாவட்ட சமூக நல அலுவலருக்கு மனு கொடுக்கலாம். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. கட்டணம் கிடையாது, காலை 8 முதல் இரவு 8 வரை அழைக்கலாம். அடியோ கட்டி வைத்த தழும்போ தெரிந்தால் மனு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் பெரியவரை அங்கிருந்து மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.