கருவி கத்தினால் காசு பேசாது

மெட்டல் டிடெக்டர் வாங்கியவர் முதலில் கை வைப்பது சென்சிட்டிவிட்டியில்தான், அதாவது கருவி எவ்வளவு சன்னமான சத்தத்தையும் பிடிக்க வேண்டும் என்ற அமைப்பில். முழுசாக ஏற்றிவிட்டால் ஆழத்தில் கிடப்பதெல்லாம் சிக்கிவிடும் என்று நினைப்பு. சாங்கிக் கடற்கரையில் ஈர மணல்மேல் அப்படி வைத்துப் பாருங்கள், கருவி ஓயாமல் கத்தும். கீழே இருக்கும் காசின் சன்னமான சத்தம் காதிலேயே விழாது. நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன், சத்தத்தை வைத்தே கோளாறைப் பிடித்துப் பழகியவன். ஆழம் வேண்டுமென்றால் முதலில் கருவியின் வாயை அடைக்க வேண்டும்.

இடத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். கிழக்குக் கடற்கரைப் பூங்கா 1966இல் தொடங்கி மண் கொட்டி மீட்ட நிலம். அங்கே பெரும்பாலும் 1967க்குப் பிறகு வந்த நம் சிங்கப்பூர்க் காசும், பார்பிக்யூ குழிப் பக்கம் அலுமினியத் தாளும்தான். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட சதுர ஒரு காசு (1919 முதல் 1926 வரை அடித்தது) வேண்டுமானால் பழைய கரைக்குப் போக வேண்டும். சாங்கியில் 1942இல் ஜப்பானியப் படை ஆட்களைச் சுட்டுக்கொன்ற இடத்து நினைவுக்கல் பக்கம் மட்டும் நான் கருவியைக் கொண்டுபோவதில்லை. எங்கே ஆனாலும் அந்த இடத்தை நிர்வகிப்பவர்களிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். இயற்கைக் காப்பகம் என்றால் பேச்சே இல்லை.

சரி, கருவிக்கு வருவோம். கைப்பேசியைப் பைக்குள் போட்டுத் தள்ளி வையுங்கள். காயிலை (கருவியின் அடியில் இருக்கும் வட்டத் தட்டு) அசைக்காமல் பிடித்து, சுற்றுப்புற மின் இரைச்சலைத் தவிர்க்கும் நாய்ஸ் கேன்சல் கொடுங்கள். அப்புறம் சென்சிட்டிவிட்டியைப் படிப்படியாக ஏற்றி, கொரகொரப்பு தொடங்கியதும் இரண்டு படி இறக்குங்கள்.

அடுத்தது கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது அந்த இடத்து மண்ணுக்குக் கருவியைப் பழக்குவது. நம் ஊர்ச் செம்மண்ணில் இரும்பு அதிகம். இதைச் செய்யாவிட்டால் மண்ணையே உலோகம் என்று கருவி நினைத்துக்கொள்ளும். கீழே உலோகம் இல்லாத இடமாகப் பார்த்து, சத்தம் ஒரே சீராக வரும்வரை காயிலை மேலும் கீழும் ஆட்டுங்கள். உப்புத் தண்ணீர் ஊறிய மணலில் ஒற்றை அலைவரிசைக் கருவி தடுமாறும், அங்கே மல்டி ஃப்ரீக்வென்சியும் (ஒரே நேரத்தில் பல அலைவரிசை) கடற்கரைக்கான பீச் மோடும் வேண்டும். காய்ந்த மண்ணில் செம்பு, வெண்கலக் காசுக்குக் குறைந்த அலைவரிசையே ஆழம் தரும். வெள்ளி உலோகத்தில் அடித்த மெல்லிசான ஐந்து காசுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

டிஸ்கிரிமினேஷனை, அதாவது இரும்பு மாதிரி வேண்டாத உலோகத்தின் சத்தத்தை வடிகட்டும் அமைப்பை, நான் அணைத்தே வைக்கிறேன். என்ன உலோகம் என்று சொல்லத் திரையில் வரும் எண் ஆழத்தில் கிடக்கும் காசுக்கு நிலையாக நிற்காது, சில சமயம் இரும்பு என்றே காட்டும். வடிகட்டியைப் போட்டால் ஆணியோடு சேர்த்து அந்தக் காசையும் தாண்டிப் போய்விடுவீர்கள். எண்ணை விட்டுவிட்டு காதை நம்புங்கள், ஹெட்ஃபோன் கட்டாயம். ரிகவரி ஸ்பீடை (ஒரு சத்தத்திலிருந்து மீண்டு அடுத்ததைப் பிடிக்கும் வேகம்) குறைத்தால் ஆழம் கூடும். ஆனால் குப்பை நிறைந்த இடத்தில் சத்தங்கள் ஒன்றோடொன்று குழம்பும், அங்கே கூட்டித்தான் ஆக வேண்டும்.

வீச்சு மெதுவாக, மண்ணை உரசுகிற மாதிரி இருக்கட்டும். ஒரு வீச்சு முந்தையதன் பாதியை மூட வேண்டும். மெலிசாக ஒரு சத்தம் வந்தால் தொண்ணூறு பாகை திரும்பி நின்று மறுபடி வீசுங்கள். காசு என்றால் இரண்டு பக்கமும் அதே சின்ன, உருண்டையான சத்தம். ஆணி பெரும்பாலும் ஒரு பக்கம் பாடும், மறுபக்கம் உடைந்துபோகும். பிறகு காயிலை நான்கு விரல் உயர்த்துங்கள். அப்போதும் சத்தம் பலமாகவே இருந்தால் கீழே இருப்பது பெரும்பாலும் பானக் கேன்தான். ஆழத்துக் காசென்றால் மங்கிவிடும்.

தோண்டும்போது கனமான, துருப்பிடித்த உருளை ஏதாவது தட்டுப்பட்டால் தொடாமல் விலகி 999ஐ அழையுங்கள். 2023இல் அப்பர் புக்கிட் தீமாவில் கட்டுமான இடத்தில் கிடைத்த போர்க்கால குண்டு நூறு கிலோ எடை. காசே வந்தால் விரலால் தேய்க்காதீர்கள், மணல் கீறிவிடும். குழியை மூடிவிட்டு, வீட்டுக்குப் போய்க் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப்போடுங்கள்.